பாலூட்டும் இடைவேளையை ஹெச்.ஆர். மறுக்க முடியுமா?

முடியாது. எட்டு மாதக் குழந்தையோடு வேலைக்குத் திரும்பிய உங்களிடம், 26 வாரம் மகப்பேறு விடுப்பு எடுத்தாகிவிட்டது, அதனால் பாலூட்டும் இடைவேளை கிடையாது என்று நிறுவனத்தின் மனிதவளத் துறை (ஹெச்.ஆர்.) சொல்வது தவறு. விடுப்பு வேறு, இது வேறு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020, பிரிவு 66: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு இடைவேளை, அதுவும் சாப்பாட்டு நேரம் போக. உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம்தானே, தாராளமாகக் கேட்கலாம். முன்பு இருந்த மகப்பேறு நலச் சட்டம் 1961, பிரிவு 11-இலும் இதே உரிமை இருந்தது; 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் இந்தத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது.

பெரும்பாலும் அந்தப் பழைய சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த 26 வாரத்தை மட்டும் படித்துவிட்டு இப்படிச் சொல்வார்கள். மற்றப் பிரிவுகளில் இருந்த இந்த உரிமை தொடர்வது கண்ணில் படுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது வந்த மெயிலைத் தேடிப் பாருங்கள். மகப்பேறு சலுகைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது 1961 சட்டப்படி நிறுவனத்தின் கடமையாக இருந்தது. அப்புறம் நிறுவனத்தில் எத்தனை ஊழியர்கள் என்று பாருங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். அங்கே நாளுக்கு நான்கு தடவை போய்வரலாம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மெயிலிலேயே கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போகலாம்.

ஒன்று, இடைவேளை எத்தனை நிமிடம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, விதிகளுக்கு விட்டிருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவான கடை என்றால் சட்டம் பொருந்துவதே சந்தேகம்.

வீடு தூரம் என்றால் அந்த நேரத்தில் பாலைப் பீய்ச்சி மூடியுள்ள டப்பாவில் ஆபீஸ் ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். கழிப்பறையில் போய்ப் பீய்ச்சச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.