பக்கத்துக் கிணற்றின் முடிவை வைத்து நம் கிணற்று நீரைக் கணிக்க முடியுமா?

பக்கத்து வீட்டுக் குழாய்க்கிணற்றில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் இல்லையென்றால் நம் கிணறும் பாதுகாப்பானதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதற்கு வங்கதேசமே சாட்சி. அங்கே 1998–99இல் 3,534 கிணறுகளைச் சோதித்தபோது, 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ளவற்றில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ வெறும் 10.

ஆற்று வண்டலில் புதைந்த கரிமப் பொருள் மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடு கரைந்து, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீரில் கலக்கிறது. வண்டல் சில பத்து மீட்டருக்குள்ளேயே மாறிவிடுவதால் அடுத்தடுத்த கிணறுகள்கூட ஒத்திருப்பதில்லை.

களச் சோதனை எளிது: நீரில் அமிலமும் துத்தநாகத் தூளும் சேர்த்தால் எழும் ஆர்சின் வாயு, பாதரச புரோமைடு தடவிய தாளை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். (வாயு நச்சுத்தன்மை உடையது, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.) வங்கதேசத்தில் இப்படிச் சோதித்து, வரம்பைத் தாண்டிய கிணற்றின் குழாய்க்குச் சிவப்பு வண்ணமும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள்.

மண், காலநிலை, நிலவமைப்புத் தரவுகளை இயந்திரக் கற்றலில் புகுத்தி 2020இல் வெளியான உலக வரைபடம், நிலத்தடி நீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை மீறும் வாய்ப்பைச் சதுர கிலோமீட்டர் வாரியாகத் தருகிறது. எங்கே முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் உங்கள் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்பதை அந்தக் கிணற்றின் மாதிரிதான் சொல்லும்.