ஆடிக்காற்று அடிக்கும்போது திருவனந்தபுரம்–துபாய் விமானத்துக்கு எதிர்காற்றுதானே? எரிபொருள் கூடச் செலவாகாதா?

கேட்டவர் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் போல. ஆடியில் அங்கே காற்றாலைக் காத்தாடி எல்லாம் மேற்கைப் பார்த்து நிற்பதைக் கண்டால் இப்படித்தான் தோன்றும். விடை நேர் எதிர்: துபாய்க்குப் போகும்போது மிச்சம், ஊர் திரும்பும்போதுதான் செலவு.

நம்மூரில் மேல்காற்று என்றால் மேற்குக் காற்று. விமானக்காரர்களுக்கோ அது உயரத்துக் காற்று. குழப்பமே இங்கேதான். தென்மேற்குப் பருவத்தில் பொதிகையைத் தாண்டி வரும் மேற்குக் காற்று ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உயரம் வரைதான் இருக்கும். அதற்கு மேலே கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று. 14 முதல் 16 கிலோமீட்டரில் அது உச்சத்துக்கு வலுக்கும்; இந்தக் கீழைத் தாரைக்காற்றை (உயரத்தில் குறுகிய பட்டையாக வேகமாக ஓடும் கிழக்குக் காற்று, ஜெட் ஸ்ட்ரீம்) பற்றி இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம் 1958இல் எழுதினார். கண்ணாலேயே பார்க்கலாம்: சாரல் மேகம் கிழக்கே ஓடும், இடைவெளியில் தெரியும் நூல் போன்ற வெண்மேகம் மேற்கே நகரும்.

இனி கணக்கு. தூரம் சுமார் 1,600 நாட்டிக்கல் மைல் என்று வைத்துக்கொள்வோம். ஏ320 விமானம் காற்றுக்குள் 450 நாட் (மணிக்கு இத்தனை நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகிறது, நிமிடத்துக்கு 40 கிலோ எரிபொருள் குடிக்கிறது. பாதை வடமேற்கு என்பதால் 40 நாட் கொண்டல் முழுசாக முதுகில் தள்ளாது. 30 நாட் அளவுக்கே உதவும். காற்றே இல்லாவிட்டால் 213 நிமிடம், இந்த உதவியோடு 200. அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். திரும்பும்போது அதே 30 நாட் எதிரே வந்தால் 229 நிமிடம். போனதில் 13 நிமிடம் லாபம், வந்ததில் 16 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம் என்பதால் இரண்டும் ஒருநாளும் சரிக்குச் சரி கழியாது.

உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைவேலை இருக்கிறது. 250, 200 ஹெக்டோபாஸ்கல் காற்றுப் படங்களை (உயரத்தைக் காற்றழுத்தத்தால் குறிப்பவை) எடுத்தால் முறையே 34,000, 39,000 அடிக்கு அருகில் வரும். போகும்போது யோசனையே வேண்டாம்: எடை அனுமதிக்கும் வரை மேலே ஏறலாம், இன்ஜினுக்கும் நல்லது, கொண்டலும் வலுக்கும். திரும்பும்போதுதான் இழுபறி. 39,000 அடியில் எதிர்காற்று 45 நாட், 35,000 அடியில் 35 நாட் என்றால் இறங்கலாமா? உகந்த உயரத்துக்கு 4,000 அடி கீழே பறந்தால் எரிபொருள் 5 சதவீதம் போலக் கூடும். அதை ஈடுகட்டத் தரைவேகமும் 5 சதவீதம், அதாவது 20 நாட்டுக்கு மேல் கூடவேண்டும். கிடைப்பதோ 10. மேலேயே இருங்கள். எதிர்காற்று குறைவு என்று ஆசைப்பட்டு இறங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

அடுத்த தப்பு எப்.எம்.எஸ்ஸில், அதாவது விமானத்தின் பயணக் கணினியில், காற்று விவரத்தை ஏற்றும்போது. லண்டன், வாஷிங்டன் விமான வானிலை மையங்கள் தரும் முன்கணிப்பு நாளுக்கு 4 முறை மாறும். விமானம் தாமதமானால் பழைய காற்றிலேயே பறப்பீர்கள், புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். 090/40 (திசை 90 பாகை, வேகம் 40 நாட்) என்றால் கிழக்கிலிருந்து வருவது, கிழக்கு நோக்கிப் போவதல்ல.

விமானம் இறங்கும்போது சந்திக்கும் காற்றை ஏற்றாமல் விடுவதுதான் நம் பக்கத்தில் ரொம்பக் கடிக்கும். வடமேற்கிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இறங்கும்போது மேலே முகத்தில் அடித்த காற்று, 6 கிலோமீட்டருக்குக் கீழே முதுகில் தள்ளத் தொடங்கும். 10 நிமிடத்துக்கு 30 நாட் பிசகினாலே 5 நாட்டிக்கல் மைல். இருக்கவேண்டியதைவிட ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு ஸ்பீட்பிரேக்கை (இறக்கை மேல் எழும் வேகத்தடுப்புத் தகடு) இழுத்து, மிச்சம் பிடித்ததைக் காற்றிலேயே விடவேண்டியதுதான்.

மார்கழி, தை மாதங்களில் கதை மாறும். வடக்கே 25 முதல் 30 பாகை அட்சத்தில் மேலைத் தாரைக்காற்று 100 நாட்டைத் தாண்டும், துபாய்ப் பக்கத்துப் பாதி எதிர்காற்றாகிவிடும். நெடுந்தூரத்தில் இது எவ்வளவு பெரிசு என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழிக்குப் பதில் பசிபிக் வழியே விட்டது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியும் மேற்குக் காற்று தள்ளியதால் நேரம் குறைந்தது.

காற்றுப் படத்தில் மிச்சம் தெரிகிறதே என்று ரிசர்வில் (ஆபத்துக்கென்று கூடுதலாக வைக்கும் எரிபொருள்) கை வைக்காதீர்கள். அரபிக்கடலில் ஓர் இடிமேகத்தைச் சுற்றினாலே அந்த 13 நிமிடம் போய்விடும். புறப்பட்ட பின் ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் நேரத்தையும் டேங்கில் உள்ளதையும் திட்டத்தாளோடு ஒப்பிட்டு, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளில் காற்று 15, 20 நாட் வித்தியாசமாக வந்தால் உயரத்தை மறுபடி கணக்குப் போடுங்கள்.