முன்வாசலில் நெரிசல், பின்வாசலில் அடைப்பு: பிரித்தானியாவின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சென்ற குளிர்காலத்தில் என் மாமியார் அவசரப் பிரிவின் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே பதினொரு மணி நேரம் கிடந்தார். சின்னச் சின்ன உபாதைகளுக்கெல்லாம் மக்கள் ஓடி வருவதே காரணம் என்று அரசியல்வாதிகள் சொல்வது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியல்ல. சளிக்கும் சுளுக்குக்கும் வருபவர் நாற்காலியில் காத்திருந்து மருந்துச் சீட்டோடு போய்விடுவார். ஸ்ட்ரெச்சரை அவர் அடைத்துக்கொள்வதில்லை. உங்கள் மாமியாரை வார்டில் சேர்க்க மருத்துவர் முடிவெடுத்த பிறகும், மேல்மாடியில் ஒரு கட்டில் காலியாகவில்லை என்பதே சிக்கல். அந்தக் கட்டிலில், சிகிச்சை முடிந்தும் வீட்டில் குளிப்பாட்டிவிடவும் மாத்திரை எடுத்துக்கொடுக்கவும் ஆள் ஏற்பாடாகாத ஒரு முதியவர் படுத்திருப்பார். என்.எச்.எஸ். கட்டில்களில் 13 சதவீதம் இப்படிக் காத்திருப்போரிடம் இருப்பதாக 2024 செப்டம்பரில், அரசு கேட்டு அறுவை மருத்துவர் டார்சி பிரபு தயாரித்த அறிக்கை கூறியது. மருத்துவமனைக்குப் பணம் தருவது மத்திய அரசு, வீட்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பு உள்ளூராட்சி மன்றம். 2010க்குப் பின் மன்றங்களின் நிதி வெட்டப்பட்டபோது, மிச்சப்பட்டதாகக் கணக்கில் காட்டிய செலவு மருத்துவமனைக் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டது. அவசரப் பிரிவுக்கு வருவோரில் 95 சதவீதத்தினரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ, வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு இங்கிலாந்தில் கடைசியாக எட்டப்பட்டது 2015 ஜூலையில்.

கேள்வி: முன்னெப்போதும் இல்லாத அளவு நிதி கொடுத்தோம் என்கிறார்களே, 2024 வரை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சியினர்?

பதில்: விலைவாசி ஏறும் நாட்டில் ஏறக்குறைய எல்லா ஆண்டின் ஒதுக்கீடும் முன்னெப்போதும் இல்லாததுதான். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், என்.எச்.எஸ். தொடங்கிய 1948 முதல் ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை சதவீதத்துக்கு மேல் வளர்ந்த அதன் செலவு, 2010களில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நகர்ந்தது. கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் வைத்த பணத்தையும் அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியும் பணத்தை விட்டுவிட்டு நிர்வாக அமைப்பைக் கலைத்து அடுக்குவதில் ஆறுதல் தேடுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 மார்ச்சில் லேபர் பிரதமர் ஸ்டார்மர் கலைப்பதாக அறிவித்த, இங்கிலாந்தில் இச்சேவையை நிர்வகிக்கும் ‘என்.எச்.எஸ். இங்கிலாந்து’ அமைப்பு, முந்தைய ஆட்சியின் 2012 சீர்திருத்தச் சட்டத்தில் வேரூன்றியது.

கேள்வி: எங்களைப் போன்ற குடியேறிகளால்தான் சுமையா?

பதில்: மக்கள்தொகை பெருகினால் குடும்ப மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கடினமாகும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வேலை விசாவில் வரும் பலர் வரிக்கு மேல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் கட்டுகிறார்கள். வார்டில் இரவுப் பணியில் இருப்பவர்கள் யாரென்று உங்கள் மாமியாரையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவரைப் பார்க்கச் சிறு கட்டணம் வைத்தால் என்ன?

பதில்: 2023 ஜனவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் சஜித் ஜாவித் இதைத்தான் சொன்னார். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றவுடன் 1951இல், என்.எச்.எஸ்.ஐத் தொடங்கிய அமைச்சர் அனைரின் பெவன் பதவி விலகினார். அந்த உணர்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு என்பதால், பத்து மருந்துகளில் ஏறக்குறைய ஒன்பது இலவசமாகவே போகின்றன. மருத்துவரிடம் அதிகம் செல்பவர்களும் அவர்களே; அவர்களுக்கு விலக்களித்தால் கட்டணத்தில் வசூலாவது சொற்பமே.