மேலுதட்டு முடி: கேட்டதும் சொன்னதும்

தக்கலைப் பக்கம் 23 வருடமாக பார்லர் நடத்துகிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலுதட்டு முடி பற்றி மட்டும் கேள்வி அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன். பேன், பொடுகு, வழுக்கை எல்லாம் வந்து குவிந்திருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு மீதிக்கு எழுதுகிறேன்.

திரெட்டிங், வாக்ஸ், கிரீம், ரேஸர்: இதில் எதுக்கா பாதுகாப்பு? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

தோலைப் பொறுத்தது என்று சொன்னால் நழுவுவது போல இருக்கும், அதனால் என் கணக்கைச் சொல்கிறேன். முகத்தில் எந்த மருந்தும் போடாத சாதாரணத் தோல் என்றால் திரெட்டிங். நூல் முடியைத்தான் பிடிக்கும், தோலை உரிக்காது. இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆனால் நூல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு போடுகிறவரிடம் உட்காராதீர்கள். அவர் எச்சில் பட்ட நூல் உங்கள் உதட்டுக்கு மேல் ஓடுகிறது. நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டும் போடலாம், நான் அப்படித்தான். ஆளுக்கு ஒரு புது நூல். முகத்தில் மருவோ பாலுண்ணியோ இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் நூல். இல்லையென்றால் நூல் போன வழியெல்லாம் புதிதாக முளைத்து வரும்.

வாக்ஸ் போட்டு நானே பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேலுதட்டில் வாக்ஸ் போட்டு இழுத்தேன், முடியோடு தோலும் வந்துவிட்டது. பருவுக்காக ராத்திரி ராத்திரி ட்ரெட்டினாய்ன் கிரீம் போட்டுக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்தில் மீசை இல்லை, மீசை இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. அவள் அம்மா இன்றைக்கும் சந்தையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதிலிருந்து கேட்காமல் வாக்ஸ் டப்பாவைத் திறப்பதில்லை. ட்ரெட்டினாய்ன், அடாபலீன் போடுகிறவர்கள் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிட்டவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வாக்ஸ் பக்கமே வர வேண்டாம்.

முடி எடுக்கிற கிரீமில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு, சுண்ணாம்பு மாதிரி நல்ல காரத்தன்மை. முடியில் உள்ள கெரட்டின் கட்டை அவிழ்த்துக் கூழாக்குகிறது. உங்கள் மேல்தோலும் அதே கெரட்டின்தான், அதை மறந்துவிட்டுச் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் புண்ணாகும். முகத்துக்கு என்று எழுதிய பாக்கெட், முந்தின நாள் தாடை ஓரம் ஒரு பொட்டு வைத்துச் சோதனை, அதில் போட்டிருக்கிற நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி கூடாது. ரேஸர்? முகத்துக்கான சின்ன ரேஸர் தாராளமாகப் பயன்படுத்தலாம். வலி இல்லை, இரண்டு மூன்று நாளில் திரும்ப வரும், அவ்வளவுதான்.

ரேஸர் போட்டால் ஆம்பிளை மாதிரி மீசை வந்துரும்னு அத்தை சொல்றாங்களே? (திங்கள்சந்தை)

வராது. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, பிளேடு வெளியேதான் போகிறது. முடியின் நுனி இயற்கையில் கூராக இருக்கும். வெட்டினால் மொட்டையாகிறது, தொட்டால் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆராய்ச்சியாளர் சவரம் செய்ய வைத்து அளந்து பார்த்து, சவரத்தால் வளர்ச்சி கூடவில்லை என்று எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது, அத்தைக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலை) வேலை. திரெட்டிங் செய்த மறுநாள் உதட்டுக்கு மேல் வெந்தது போல ஆகிறது. நூலால் வருகிறதா? (கருங்கல் பக்கம்)

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று அக்கா, இதை யாரும் யோசிப்பதில்லை. நூல் பாதி, அண்டி பாதி. கொல்லாங்கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் வெறும் தோலே பொள்ளும், கையில் கறுத்துப்போய் இருப்பது உங்களுக்கே தெரியும். திரெட்டிங் செய்ததும் ஒவ்வொரு முடிக்குழியும் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் தோடு உடைத்த கையால் வியர்வையைத் துடைத்தால் எரியாமல் என்ன செய்யும்? லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு முழு நாளாவது கிடைக்க வேண்டும். வேலைக்குப் போனால் கழுத்தில் தனியாக ஒரு துண்டு போட்டு அதில் மட்டும் முகம் துடையுங்கள். தேங்காய் எண்ணெயை மேலுதட்டில் அப்ப வேண்டாம், நம் ஊரில் எதற்கும் அதுதான் முதல் மருந்து, ஆனால் திறந்த குழியில் அடைத்துக்கொண்டு சின்னச் சின்னப் பொரியாக வரும். சுத்தமான துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம், போதும். கற்றாழை வைப்பதானால் வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே இருக்கிற சோற்றை மட்டும்.

திரெட்டிங் செய்த இடம் கறுக்கிறது. மெடிக்கலில் கேட்டேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகப் போடுகிறேன், நல்ல வெளுப்பு. தொடரலாமா? (குளச்சல்)

நிறுத்துங்கள். இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்: அந்த டியூப்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் பளபளப்பு. அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டால் எரிந்து, பரு கிளம்பி, கடைசியில், கவனியுங்கள், போட்ட இடத்தில் முடி வளரும். எந்த முடிக்காக ஆரம்பித்தீர்களோ அதே முடி, முன்பை விட அடர்த்தியாக. 2018இல் இந்த ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. இரண்டு மாதம் போட்டதை நிறுத்தும்போது முகம் சிவந்து கொதிக்கலாம், பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு இருக்கிறது, டியூபையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கறுப்பு வருவது நம் தோலின் சுபாவம். இழுத்த இடம் அழன்று, அழன்ற இடம் கறுக்கிறது. கடற்கரை வெயில் வேறு. செய்துகொண்ட இரண்டு நாள் வெயிலைத் தவிர்த்து, எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போட்டாலே பாதி குறையும்.

எனக்க மோளுக்கு 12 வயசு. கூடப் படிக்கிறவங்க மீசைன்னு கேலி பண்ணுதாங்க. திரெட்டிங் செய்யலாமா? (மேல்புறம்)

பிள்ளை கேட்கிறாளா, நீங்கள் கேட்கிறீர்களா? அவள் கண்ணாடி முன்னால் நின்று அழுகிறாள் என்றால், நீங்கள் பக்கத்தில் இருந்து முக ரேஸரால் மெதுவாக எடுத்துவிடுங்கள். வலிக்காது, ஒரு நிமிட வேலை. கிரீமும் ப்ளீச்சும் அந்த வயதில் வேண்டாம். கேலிக்கு மருந்து என்னிடம் இல்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசுங்கள்.

வயது 24. மேலுதடு மட்டும் இல்லை, தாடையிலும் கறுப்பாகக் கம்பி மாதிரி வருகிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான். (அருமனை)

மக்களே, நீங்கள் பார்லருக்கு வருவதற்கு முன்னால் மகப்பேறு டாக்டரையோ ஹார்மோன் டாக்டரையோ பாருங்கள். பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். தைராய்டையும் பார்ப்பார்கள். மாத்திரை வேலை செய்யவே ஆறு மாதம் பிடிக்கும், அதுவரை முடியை எடுத்துக்கொண்டிருப்பதில் தப்பில்லை. எதுவும் இல்லாமல் இருந்து திடீரென்று சில மாதத்துக்குள் முகமெல்லாம் முடி வந்து குரலும் கட்டையானால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை, படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

லேசர் செய்தால் ஆயுசுக்கும் வராதா? (மார்த்தாண்டம்)

குறையும், அறவே போகாது. கறுப்பு நிறத்தைத் தேடித்தான் லேசர் சூடேற்றுகிறது. அதனால் நரைத்த முடிக்கு வேலை செய்யாது, பூனை முடிக்கும் அவ்வளவாக இல்லை. தோலும் கறுப்பு என்றால் தோலையும் சுட்டுவிடும், நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படுங்கள். நாலு முதல் ஆறு வாரம் இடைவெளியில் ஆறு, எட்டு தடவை போக வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய ஒரு மாதம் திரெட்டிங், வாக்ஸ் கூடாது, ரேஸர் மட்டும், வேர் உள்ளே இருந்தால்தானே சுட முடியும்? சிலருக்கு, அதுவும் ஹார்மோன் கோளாறு இருக்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாக முடி கிளம்புவதும் உண்டு. ஆஃபர் நோட்டீஸில் அதைப் போட மாட்டார்கள். நிரந்தரம் என்று சொல்லத்தக்கது, ஊசி வழியே மின்சாரம் விட்டு வேரை அழிக்கிற எலக்ட்ராலிசிஸ் ஒன்றுதான். 1875இல் சார்லஸ் மிஷெல் என்ற கண் டாக்டர் கண்ணுக்குள் வளைந்து குத்துகிற இமை முடிக்காக ஆரம்பித்தது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு ஊசி, பொறுமை வேண்டும்.

கஸ்தூரி மஞ்சள் தினமும் பூசினால் முடி நிற்காதா? (தோவாளை)

நிற்காது. அதோடு நீங்கள் கடையில் வாங்கும் பளீர் மஞ்சள் பொடி கஸ்தூரி மஞ்சளே இல்லை, பெரும்பாலும் மஞ்சள் கூவை என்கிற வேறு கிழங்கு.

இது என்ன புதுக்கதை? எங்கள் தாத்தா ஆசான், நாட்டு வைத்தியர். வீட்டில் கஸ்தூரி மஞ்சள் என்று வைத்திருந்தது நல்ல மஞ்சள் நிறம்தான். (குலசேகரம்)

தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. அசல் கஸ்தூரி மஞ்சள் கிழங்கை நறுக்கினால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், மோந்தால் கற்பூர வாசம். பொடியும் வெளிறித்தான் இருக்கும், முகத்தில் கறை பிடிக்காது. கூவை அப்படியில்லை. தாத்தா எதற்குப் பயன்படுத்தினார், அரைத்தாரா, கறியில் போடுகிற மஞ்சளோடு கலந்தாரா என்பது தெரியாமல் நிறத்தை மட்டும் வைத்து எப்படிப் பேசுவது?

அக்கா சொல்வது சரி. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இதை மஞ்ஞக்கூவ என்றே பிரித்துச் சொல்வார்கள். (களியக்காவிளை)

பார்த்தீர்களா.

என் பாட்டிக்கு 80 வயது. முகத்தில் ஒரு முடி கிடையாது. சின்ன வயதிலிருந்தே மஞ்சள்தான். இதற்கு என்ன சொல்வீர்கள்? (சுசீந்திரம்)

பாட்டியின் தங்கைக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருக்காது. முடி வம்சத்தோடு வருவது. இன்னொன்று, அந்தக் காலத்தில் மஞ்சளைப் பூசவில்லை, கரகரப்பான பயறு மாவோடு சேர்த்துத் தேய்த்தார்கள். தேய்ப்பில் பூனை முடி கொஞ்சம் அறுந்து வரும். பெயர் மஞ்சளுக்குப் போய்விட்டது. மணமாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது என்று பூசுங்கள், நானும் பூசுகிறேன். முடி வேரோடு நின்றதை 23 வருடத்தில் நான் பார்க்கவில்லை.

அப்போ ஆசான்மார் எல்லாம் பொய்யா? (மறுபடி குலசேகரம்)

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஆசான்மாரிடம் போய் எலும்பு கட்டிக்கொண்டவள் நான். மீசைக்கு யாரும் போகவில்லை.

கருப்பட்டிப் பாகு காய்ச்சி வாக்ஸ் செய்யலாமா? (ராஜாக்கமங்கலம்)

காப்பி போடுங்கள். வீட்டு வாக்ஸுக்கு வெள்ளைச் சீனி, எலுமிச்சைச் சாறு, தண்ணீர்தான். கருப்பட்டி காய்ச்சுகிற அக்கானியில் (பதநீரில்) சுண்ணாம்பு சேர்ந்திருக்கும், பாகு பதமும் நிற்காது. எதுவானாலும் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுச் சூடு பார்க்காமல் உதட்டருகே கொண்டுபோகாதீர்கள்.

சவரம் செய்தால் அடர்த்தியாக வருமா? (இரணியல்)

மேலே பாருங்கள்.

திரெட்டிங் செய்தால் உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வருகிறது. எல்லாத் தடவையும் இல்லை. (முட்டம்)

அது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஹெர்ப்பிஸ் கிருமியாக இருக்கலாம். வெயில், காய்ச்சல், தோல் இழுபடுவது, எதாவது ஒன்று எழுப்பிவிடும். கொப்புளம் இருக்கும்போது யாரும் உங்கள் முகத்தில் நூல் வைக்கக் கூடாது. அடிக்கடி வந்தால் டாக்டர் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார். தயவுசெய்து அதன் மேல் டியூப் போடாதீர்கள். ஸ்டீராய்டு போட்டால் பரவும்.

வியாழக்கிழமை கல்யாணம். புதன் ராத்திரி முதல் தடவையாகச் செய்துகொள்ளட்டுமா? (தேங்காப்பட்டணம்)

திங்கட்கிழமை செய்யுங்கள். புதன் ராத்திரி சிவந்தால் மேக்கப்பால்கூட மூட முடியாது.

மேடம், காது முடிக்கு என்ன செய்வது? (ஆண், வடசேரி)

முடி வெட்டுகிற அண்ணனிடம் கேளுங்கள்.

ப்ளீச் போட்டால் முடி போய்விடுமா? ரேஸரால் அடர்த்தியாகுமே என்று பயம். (அழகியபாண்டியபுரம்)

ப்ளீச்சில் முடி போகாது, பொன்னிறமாகும், மாநிறத் தோலில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டாவதற்குப் பதில் எழுத மாட்டேன்.

வயது 56. தாடையில் இரண்டே இரண்டு வெள்ளை முடி, கம்பி போல. கொள்ளுப்பேரன் பிடித்து இழுக்கிறான். (பத்மநாபபுரம்)

56 வயதில் கொள்ளுப்பேரனா! மாதவிலக்கு நின்ற பிறகு இப்படி ஒன்றிரண்டு வருவது சாதாரணம். நல்ல ட்வீசர் ஒன்று வாங்கி, குளித்துவிட்டு வந்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே பிடுங்குங்கள். லேசருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், வெள்ளை முடியை அது பார்க்காது.

அக்கா, வீட்டுப் பின்னால் தாத்தா நட்ட கிழங்கு இன்னும் இருக்கிறது. ஒரு துண்டு கொடுத்து விடுகிறேன், நீங்களே நறுக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். (குலசேகரம்)

கொடுத்து விடுங்கள். மண்ணைக் கழுவ வேண்டாம், இலையோடு இருந்தால் இன்னும் நல்லது. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.