லைனர் மாற்றம்: வீட்டில் எதுவரை செய்யலாம்?

டீசல் என்ஜினுக்கு லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்) மாற்ற வேண்டும். வீட்டிலேயே முடியுமா அண்ணே?

வெட் லைனரா, டிரை லைனரா என்பதைப் பொறுத்தது. வெட் லைனரின் வெளிப்பக்கத்தில் கூலண்ட் நேரடியாகப் படும். அந்தக் கூலண்ட் கீழே ஆயிலுக்குள் இறங்காமல் காப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வெட் லைனரை நிதானமாகச் செய்தால் வீட்டிலேயே முடிக்கலாம். டிரை லைனர் பிளாக்குக்குள், அதாவது என்ஜினின் உடலுக்குள், அழுத்தி ஏற்றியது. பிரஸ் வேண்டும், பெரும்பாலும் உள்துளையைக் கடைந்து அளவாக்கும் போரிங்கும், தேய்த்து நேர்த்தியாக்கும் ஹோனிங்கும் வேண்டும். அதைப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

டிரை லைனரை ஃப்ரீசரில் வைத்தால் தானாக இறங்கும் என்கிறார்களே?

சுருங்குவது உண்மைதான். 100 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு லைனர் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.05 மி.மீ. சுருங்கும். ஆனால் இறக்கும்போது சற்றே கோணினாலும் பாதியில் நிற்கும். பிளாக்கின் சூடு ஏறியதும் அங்கேயே கவ்விக்கொள்ளும். அப்புறம் மேலேயும் வராது, கீழேயும் போகாது.

புது வெட் லைனர் போட்டேன். ஆயில் பால் நிறமாகிவிட்டது.

ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டும் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) காரணமாகலாம். ஆனால் லைனர் வேலை முடிந்த கையோடு வந்தால் எனக்கு முதல் சந்தேகம் ஓ-ரிங் மேல்தான். பிளாக்கில் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் துருவும் உப்பும் கட்டியிருக்கும். பலர் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு இறக்கிவிடுகிறார்கள். சுரண்டிச் சுத்தம் செய்து, ஓ-ரிங் இல்லாமல் லைனரை இறக்கிப் பாருங்கள். கையாலேயே இறங்கிச் சுழல வேண்டும். அடுத்து ஓ-ரிங்கை மாட்டி, அதன் மேல் ஓடும் மெல்லிய அச்சுக்கோட்டைக் கவனியுங்கள். கோடு நேராகச் சுற்றி வந்தால் சரி. நெளிந்து போனால் ரிங் முறுக்கியிருக்கிறது. மேனுவல் சொல்லும் வழுக்கியை மட்டும் தடவுங்கள், சில ரப்பர்கள் என்ஜின் ஆயில் பட்டால் உப்பிவிடும். சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மாட்டும் முன் கூலண்ட் நிரப்பி ஓர் இரவு விட்டு, காலையில் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

லைனர் பிளாக் மட்டத்துக்கு மேல் துளி நீட்டிக்கொண்டிருக்கிறது. தேய்த்துவிடவா?

ஐயையோ, தொடாதீர்கள்! பல வெட் லைனர்களில் அந்த நீட்டல் வேண்டுமென்றே வைத்தது. ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கெட் அங்கேதான் அழுந்துகிறது. ஓ-ரிங் இல்லாமல் லைனரை அழுத்திப் பிடித்து, டயல் கேஜால் சுற்றிலும் நாலு இடத்தில் அளவெடுத்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய வளையம்) போட இடமிருக்கிறதா பாருங்கள். கூடினால் அடியில் அழுக்கு சிக்கியிருக்கலாம்.

பழைய ஓ-ரிங்கையே போடலாமா?

கூடாது.

பழைய லைனரின் வெளிப்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள். துருவா?

பெரும்பாலும் கேவிட்டேஷன். பிஸ்டன் மோதும்போது லைனர் அதிரும். கூலண்டில் நுண்குமிழிகள் உருவாகி, சுவரை ஒட்டியே வெடித்து இரும்பை அரிக்கும். அதனால்தான் பிஸ்டன் சாயும் பக்கத்தில் ஓட்டைகள் அதிகம். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் புது லைனரும் இப்படித்தான் ஆகும். என்ஜினுக்கு ஏற்ற கூலண்டையே ஊற்றுங்கள்.