ஒரே வெயிட், ஆனா ரெண்டு உடம்பு

கேள்வி: அக்கா, எங்க வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. எனக்க மவனுக்கு 10 வயசு. நாகர்கோவில்ல இருக்குற தங்கச்சி மவனுக்கும் அதே வயசுதான். லீவுக்கு வந்தப்போ ரெண்டு பேரையும் வெயிட் மெஷின்ல நிறுத்தினோம், ரெண்டும் 32 கிலோ, உயரமும் 136 சென்டிமீட்டர். ஆனா அவன் கொழுகொழுன்னு இருக்கான், இவனுக்கு சட்டையை கழட்டினா விலா எலும்பு தெரியுது. மாமியார் "பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்க மாட்டியா"ன்னு கேக்காவ. சத்து பவுடர் வாங்கி குடுக்கட்டா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதல்ல அந்த 32 கிலோ எதுல சேர்ந்ததுன்னு பாப்போம். மெஷினுக்கு தசை, எலும்பு, கொழுப்பு எல்லாம் ஒண்ணுதான். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) போட்டு பாத்தாலும் ரெண்டு பேருக்கும் 17.3தான் வரும், உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 10 வயசு பையனுக்கு 18.5க்கு மேல போனாதான் அதிக எடை, அப்போ ரெண்டும் நார்மல். ஆனா ஒரு கிலோ கொழுப்பு ஒரு கிலோ தசையை விட கூடுதல் எடம் பிடிக்கும், அதான் அவன் உருண்டையா தெரியுறான், உங்க பையன் தோட்டத்து மேடு ஏறி இறங்கி ஓடுறதால அவன் வெயிட்ல தசை கூடுதலா இருக்க வாய்ப்பு இருக்கு.

தையல் டேப் எடுத்து, பிள்ளை மூச்சை வெளிய விட்டதும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி அளந்து பாருங்க, டேப்பை இறுக்கக் கூடாது. உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், இவங்களுக்கு 68 சென்டிமீட்டர். தங்கச்சி மவனுக்கு அதை தாண்டுச்சுன்னா கவனிக்க வேண்டியது அவனைத்தான். திட்டாம, சாயங்காலம் ஒரு மணிநேரம் வெளிய விளையாட விடச் சொல்லுங்க.

நம்ம பிள்ளைங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. புனேல டாக்டர் யாஜ்னிக் குழு அந்த ஊர் பக்கத்து கிராமத்து பிறந்த குழந்தைகளை இங்கிலாந்து குழந்தைகளோட ஒப்பிட்டு பாத்தாங்க. இங்க சராசரி 2.7 கிலோ, அங்க 3.5. தசை நல்லாவே குறைஞ்சிருந்துச்சு, ஆனா முதுகுத் தோலுக்கு அடியில உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவா குறையல. ஒல்லியா பிறக்குற பிள்ளையை பவுடரும் சீனியும் குடுத்து வேகமா ஊத வெச்சா கூடுறது பெரும்பாலும் கொழுப்புதான், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

கிராமம்னா பயமில்லன்னும் இருந்துராதீங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல 2011 மக்கள்தொகை கணக்குப்படியே 100க்கு 82 பேர் நகர்ப்புறம்னு வகைப்படுத்துன எடத்துலதான் இருக்காங்க, நாகர்கோவில்லருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ஊர் எங்க முடியுதுன்னே தெரியாது, அதே பேக்கரி, அதே ஸ்கூல் வேன், அதே போன். உலக அளவுலயும் 1985லருந்து 2017 வரை பெரியவங்களோட சராசரி பிஎம்ஐ கூடினதுல பாதிக்கு மேல கிராமத்துலருந்து வந்ததுதான்.

மவனுக்கு மரச்சீனிக் கிழங்கு குடுக்கும்போது கூட சாளைக்கறி கட்டாயம் இருக்கட்டும், கிழங்குல புரதம் ரொம்ப கம்மி. காலைல கஞ்சியும் பயறும், அடிக்கடி ஒரு முட்டை. ஸ்கூல்ல குடுக்குற பூச்சி மாத்திரையை விட்டுராதீங்க. கண்ணோட உள்ரெப்பை வெளுத்திருந்தாலோ ஓடும்போது சீக்கிரம் களைச்சாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்துருங்க. மாமியாருக்கு முன்னாடியே டேப் போட்டு காட்டுங்க, அவங்களும் பிள்ளை மேல உள்ள பிரியத்துலதான் கேக்காங்க.

கேள்வி: மவளுக்கு 12 வயசு. நல்லா ஓடி விளையாடுறவ, இப்போ திடீர்னு இடுப்பும் தொடையும் வெச்சிருச்சு. சோத்தை குறைக்கட்டா? (குளச்சல் வாசகி)

பதில்: குறைக்காதீங்க! வயசுக்கு வர்ற சமயத்துல பொண்ணுங்களுக்கு கொழுப்பு கூடுறது இயற்கை, அதே பருவத்துல பையன்களுக்கு தசை கூடும். அவ காதுபட "குண்டாயிட்டே"ன்னு வீட்டுல யாரும் சொல்லாம பாத்துக்கோங்க, விளையாட்டை மட்டும் நிறுத்திராதீங்க.