கணக்குக் கேள்வி, பதில்: முக்கோணமா, வெறும் கோடா?

கேள்வி: ‘5 செ.மீ., 5 செ.மீ., 10 செ.மீ. பக்கங்கள் கொண்டது எவ்வகை முக்கோணம்?’ என்ற கேள்விக்கு என் மகள் ‘இருசமபக்கம்’ என்று எழுதினாள். தவறு என்று அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கம் சமம்தானே?
- ஒரு தாய், திருச்சி

பதில்: சமம்தான். ஆனால் அது முக்கோணமே இல்லை. 10 செ.மீ. கோடு வரைந்து, கவராயத்தை 5 செ.மீ. விரித்து, இரு முனைகளிலிருந்தும் வில் வெட்டிப் பாருங்கள். இரண்டு விற்களும் கோட்டின் நடுவிலேயே தொட்டுக்கொள்ளும். உச்சி மேலே எழாது. கோட்டை 11 செ.மீ. ஆக்கினால் விற்கள் சந்திக்கவே மாட்டா. 8 செ.மீ. ஆக்கினால் சரியாக 3 செ.மீ. உயரத்தில் உச்சி கிடைக்கும். அதுதான் இருசமபக்க முக்கோணம். சிறிய இரு பக்கங்களின் கூடுதல் பெரிய பக்கத்தைவிட அதிகமா என்று முதலில் பார்க்கட்டும்; அந்த ஒரு கூட்டல் போதும். வகையெல்லாம் அதற்குப் பிறகு. கேள்வியிலேயே ‘முக்கோணம்’ என்று போட்டுவிட்டுப் பிள்ளையைத் திருத்துவது கொஞ்சம் அநியாயம்தான்!

கேள்வி: சமபக்க முக்கோணத்தை இருசமபக்கம் என்றும் சொல்லலாமா?
- மாணவர், மதுரை

பதில்: பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ‘இரண்டு பக்கங்கள் மட்டும் சமம்’ என்று வரையறுத்தார், அவர் கணக்கில் முடியாது. இன்று ‘குறைந்தது இரண்டு’ என்று கொள்வதே வழக்கம். லாபம் என்னவென்றால், இருசமபக்கத்துக்கு நிறுவியது எல்லாம் சமபக்கத்துக்கும் தானே பொருந்திவிடும். தேர்வில் 6, 6, 6 வந்தால் ‘சமபக்கம்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: 6 செ.மீ. சமபக்க முக்கோணம் வரைந்தால் ஒரு பக்கம் 5.8 வருகிறது. ஏன்?
- மாணவி, ஈரோடு

பதில்: கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும், முதல் வில்லுக்கும் இரண்டாவதற்கும் இடையில் கால் நழுவியிருக்கும். பென்சில் முனை மழுங்கியிருந்தாலும் இப்படி ஆகும். அளவை ஸ்கேலில் எடுக்காமல், வரைந்த கோட்டின் மீதே வைத்து எடுங்கள். சரியாக வந்தால் உயரம் ஏறத்தாழ 5.2 செ.மீ. இருக்கும்.

கேள்வி: ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள மூலைமட்டங்கள் எந்த வகை?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: 45 பாகை மட்டம் இருசமபக்கம், 30-60 மட்டம் அசமபக்கம். சமபக்கம் பெட்டியில் இல்லை. ஆனால் ஒரே அளவுள்ள 30-60 மட்டங்கள் இரண்டை எடுத்து, ஒன்றைத் திருப்பிப்போட்டு, செங்கோணத்தை ஒட்டிய நீண்ட ஓரங்களைச் சேர்த்து வையுங்கள், வந்துவிடும்.